கலியபெருமாள் பிரித்த சீர்

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் கலியபெருமாள் ஃபிட்டர். கம்பெனி வேண்டாம் என்று ஒதுக்கும் எதையும் யாராவது ஒருவரை வேண்டும் என்று சொல்ல வைத்துவிடுவார். டிரம், பலகை, பழைய கயிறு, எல்லாம் அவர் தயவில் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தவை. அவர் மனைவியும் அவரை வள்ளல் என்றுதான் சொல்வாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

தங்கை நிர்மலா லாஸ்பேட்டையில் வீடு கட்டியபோது தையல் அறைக்குக் கூரை பாக்கி நின்றது. மற்ற அண்ணன்கள் கிரகப்பிரவேசத்துக்குக் குத்துவிளக்கு சீர் வைப்பார்கள். இவர் பழைய ஷெட்டில் கழற்றிய சிமெண்ட் ஷீட்டுகளுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து இறக்கினார். நிர்மலாவுக்கு அதில் அப்படி ஒரு பெருமை.

இந்த வருடம் மிச்சமிருந்த ஷெட்டையும் பிரிப்பதற்கு முன் கம்பெனியில் ஒரு வகுப்பு வைத்தார்கள். வகுப்பு என்றால் கலியபெருமாள் பின்வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு கவனிப்பவர். அன்று கண் திறந்துகொண்டது. அந்தப் பழைய ஷீட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் என்கிற கல்நார் கலந்திருக்கிறதாம். உடைத்தால், அறுத்தால், கண்ணுக்குத் தெரியாத தூசி நெஞ்சுக்குள் போய் உட்காருமாம். நோய் பல வருடம் கழித்துத்தான் தலைகாட்டுமாம். நிர்மலா வீட்டு ஷீட்டுகள் ஏற்கெனவே விளிம்பு உதிர்ந்தவை. போதாததற்கு, வெளிச்சத்துக்காக அவற்றில் ஓட்டை அறுக்கப்போவதாக அவள் புருஷன் விஜய் சொல்லிக்கொண்டிருந்தான்.

அன்று மாலையே தங்கை வீட்டில் போய் உட்கார்ந்தார். காபி ஆறும்வரை ஊர்க்கதை பேசினார்.

"அந்த ஷீட்ட எடுத்துட்டுப் போறேம்மா."

"எந்த ஷீட்ட?"

"நான் குடுத்தத."

நிர்மலாவின் முகம் சிறுத்துவிட்டது. "வச்ச சீரத் திருப்பி எடுத்துட்டுப் போற அண்ணன எங்கனா பாத்திருக்கியா? தெருவுல எம் மானம் என்னா ஆவும்? ஒறவே வேணாங்கிறியா?"

வகுப்பில் கேட்டதையெல்லாம் ஒப்பித்துப் பார்த்தார். விஜய் மிரண்டுபோனான். நிர்மலா அசையவில்லை.

"ஒறவு போனா போவட்டும். நீ நல்லா மூச்சு வுடணும். எனக்கு அது போதும்," என்றார். அவள் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை, கம்பெனியில் அனுமதி வாங்கி, பயிற்சி பெற்ற ஆட்களோடு வந்தார். முகக்கவசம் மாட்டி, ஷீட்டுகளை நனைத்து, உடையாமல் கழற்றி, கனத்த பிளாஸ்டிக்கில் சுற்றி வண்டியில் ஏற்றத் தொடங்கினார்கள். கோழிக்கூண்டுக்கு ஒன்று கேட்டவரிடம் கலியபெருமாள் வாழ்க்கையில் முதல்முறையாக இல்லை என்றார். தெரு கூடிவிட்டது. தள்ளி நில்லுங்கள் என்றால் இன்னும் ஓரடி முன்னால் வருவதுதானே நம் வழக்கம்.

எதிர்வீட்டு ஆயம்மா உரக்கக் கேட்டாள். "இன்னா நிர்மலா, உங்கண்ணன் வச்ச சீர அவரே பிரிக்கிறாரு?"

ஏணியில் நின்ற கலியபெருமாளின் கை போல்ட்டிலேயே நின்றது. நான்கு நாளாக அவரோடு பேசாத நிர்மலா வாசலுக்கு வந்தாள்.

"நாந்தான் பிரிக்கச் சொன்னேன். இந்தச் சீரு எனக்குப் பத்தல, மங்களூர் ஓடு போட்டுக் குடுன்னு சண்ட போட்டேன். எங்கண்ணங்கிட்ட கேக்காம யார்கிட்ட கேக்கிறது?"

கலியபெருமாள் முகக்கவசத்துக்குள் விசும்பிக்கொண்டே போல்ட்டைத் திருகினார்.