நாலு குழாய்

சந்தேகப்படுவது எங்கள் அப்பாவுக்கு மூச்சு விடுவது மாதிரி. பால்காரர் சிரித்துக்கொண்டே ஊற்றினால் அன்றைக்குத் தண்ணீர் கூடுதல் என்பார். சிரிக்காமல் ஊற்றினால் மனசாட்சி குத்துகிறது என்பார். அவருக்கு மகளாகப் பிறந்த எனக்கு அந்தக் குணத்தில் பாதியாவது வராமல் போகுமா? ஒன்பது வயதிலேயே வந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு நான் செய்த காரியத்தைத்தான் சொல்லப்போகிறேன். பெருமைப்பட அதில் ஒன்றுமில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் மோட்டார் கார் வைத்திருந்தவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். வத்திராயிருப்புப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருந்த அப்பாவும் அதில் ஒருவர். மலையில் எஸ்டேட் வைத்திருந்த ஒரு துரை பந்தயம் விடுவதற்கென்றே சீமையிலிருந்து தருவித்த கார் அது. அவர் ஊருக்குக் கப்பலேறும் அவசரத்தில் அப்பாவிடம் தள்ளிவிட்டுப் போனார். நீள மூக்கு, தாழ்ந்த உடம்பு, மேலே கூரை கிடையாது. பந்தயத்துக்குப் பிறந்த அந்த வண்டி எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கும் மற்ற நாட்களில் தோப்புக்கும் போய் வந்தது.

ஓட்டுவது மாமா. அம்மாவின் தம்பி. மீசை சரியாக முளைக்குமுன்பே பட்டாளத்தில் சேர்ந்து, மெசபடோமியாவில் குண்டு விழுகிற ரோட்டில் லாரி ஓட்டிவிட்டு வந்தவர். திரும்பி வந்தபின் எந்த வேலையும் அவருக்கு ஒட்டவில்லை. கல்யாணப் பேச்செடுத்தாலும் எழுந்து போய்விடுவார். ஸ்டியரிங்கைப் பிடித்தால் மட்டும் முகம் தெளிந்துவிடும். அந்த வண்டியும் இல்லாவிட்டால் அவர் என்ன ஆவாரோ என்ற பயம் அம்மாவுக்கு எப்போதும் உண்டு.

வண்டியின் இன்ஜினுக்கு நாலு சிலிண்டர். நாலிலிருந்தும் வருகிற புகையை ஒன்றாக வாங்கிப் பின்னால் அனுப்ப ஒரு வார்ப்பிரும்புத் துண்டு உண்டு. அது ஒரு நாள் சூட்டில் வெடித்துவிட்டது. சீமையிலிருந்து அதே துண்டு வர ஆறு மாதம் ஆகும் என்றார்கள். உடனே கிடைக்கக்கூடியவை இரண்டு. மதுரையில் ஒரு கம்பெனி பழைய துண்டைப் போலவே வார்த்துக் கொடுக்கும். அதைப் போட்டால் வண்டி பூனை மாதிரி போகும். ராஜபாளையத்தில் பஞ்சு மில் இன்ஜின்களைப் பழுது பார்க்கிற ஒரு பட்டறைக்காரர் வேறு மாதிரி செய்வார். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிக் குழாய் வளைத்து, நாலையும் நீளமாகக் கொண்டுபோய்ப் பின்னால் ஒன்றாகச் சேர்ப்பார். புகை ஒன்றோடொன்று முட்டாமல் வெளியேறுவதால் இழுவை கூடும். சத்தமும் கூடும்.

மாமாவுக்கு நாலு குழாய்தான் வேண்டும். ஏன் என்று கேட்டால், "அதான் நல்லது" என்பார். வேறு காரணம் வராது.

அப்பாவுக்கு அது போதாதா? ராஜபாளையத்தில் ஒரு பஞ்சு வியாபாரியின் மகன் மஞ்சள் கார் ஒன்று வாங்கி, ரோட்டில் எதிர்ப்படுகிற கார்களையெல்லாம் வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தான். அவனோடு மாமா பந்தயம் பேசிவைத்திருக்கிறார் என்று அப்பா முடிவு கட்டிவிட்டார்.

"உன் தம்பி மட்டும் பந்தயம் விடப்போறான்னு தெரிஞ்சுது, அன்னைக்கே சாவிய வாங்கிருவேன். பொறவு அவன் அந்த ஸ்டியரிங்கத் தொட முடியாது" என்றார் அம்மாவிடம்.

"அவன் வாயத் தொறக்காதவன். அதுக்காகக் கள்ளனா?" என்றாள் அம்மா.

அப்பா என் பக்கம் திரும்பினார். இரண்டையும் வாங்கி, ஒவ்வொன்றாக மாட்டி, மலையடிவாரத்துக்குப் போகிற செண்பகத்தோப்பு ரோட்டில் ஓட்டிப் பார்ப்பது, பிறகு முடிவு செய்வது என்று ஏற்பாடு. போகிற இடத்துக்கெல்லாம் நான் கூடப் போக வேண்டும். "நீ பாட்டுக்குச் சும்மா இரு. கண்ணு மட்டும் முழிச்சிருக்கணும். பாத்தத அப்படியே வந்து சொல்லு" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் இருந்த மூன்று பிள்ளைகளில் நம்பிக்கையான ஆள் நான்தான் என்றல்லவா அதற்கு அர்த்தம்?

முதலில் ராஜபாளையம் பட்டறை. பட்டறைக்காரர் குழாய்க்குள் காய்ந்த மணலைத் தட்டித் தட்டி நிரப்பி, இரண்டு முனையிலும் மரக்கட்டையை அடித்து, உலையில் சிவக்கக் காய்ச்சி வளைத்தார். மணல் இல்லாவிட்டால் வளைகிற இடத்தில் குழாய் நசுங்கிவிடுமாம். வேலையாட்களைத் தெலுங்கில் விரட்டிக்கொண்டே மாமாவிடம் தமிழில் பேசினார். மாமா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேர் ரகசியம் பேசும்போது அப்படித்தான் பார்ப்பார்கள் என்று எனக்குப் பட்டது. மனதில் குறித்துக்கொண்டேன்.

மதுரைத் துண்டு மாட்டிய நாள் செண்பகத்தோப்புக்குப் போனோம். இன்ஜின் ஓடுகிறதா இல்லையா என்றே தெரியாத அமைதி. ஆனால் மாமா ஓட்டியது மகா மோசம். கியர் மாற்றும்போதெல்லாம் பல்லை நறநறவென்று கடிக்கிற சத்தம். ஓடைப் பாலத்து ஏற்றத்தில் வண்டி இரண்டு தடவை செத்து நின்றது. பத்து வருஷமாக ஓட்டுகிற மனிதருக்குக் கியர் போடத் தெரியாதா? மதுரைத் துண்டைக் கெட்ட பேர் வாங்க வைக்கிறார், நன்றாகத்தான் நடிக்கிறார் என்று நினைத்தேன். பின் சீட்டிலிருந்து கேட்டேன்.

"மாமா, நீங்க பந்தயம் விடப்போறீங்களா?"

மாமா வாயைத் திறக்கவில்லை. மறுபடி கேட்டேன். ரோட்டைப் பார்த்தபடியே போனார். என் சந்தேகம் முக்கால்வாசி உறுதியாகிவிட்டது.

மறுவாரம் நாலு குழாய். மடவார் வளாகம் தாண்டும்போது தெருவே வெளியே வந்து பார்த்தது. கோழிகள் கூரையில் ஏறின. காலடியில் பலகை கிடுகிடுவென்று ஆட, மாமா கியர் போட்டது வெண்ணெயில் கத்தி இறங்கியது மாதிரி இருந்தது. ஒரு உறுமல், ஒரு கை அசைவு, அவ்வளவுதான். மலையடிவாரத்தில் நிறுத்தினார். மஞ்சள் கார் அங்கே காத்திருக்கும் என்று நான் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தேன். பாரஸ்ட்காரரின் குடிசையும் இரண்டு எருமைகளும்தான் இருந்தன.

மாமா இன்ஜினை ஓடவிட்டு மூடியைத் திறந்தார். நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை எடுத்து, நுனியை இன்ஜின்மேல் ஊன்றி, கட்டைப் பிடியைப் பல்லால் கடித்துக்கொண்டார். கண்ணை மூடி அப்படியே செத்த நேரம் நின்றார். முகத்தில் மெல்லச் சிரிப்பு வந்தது. நான் பக்கத்தில் போய் நின்றதும் கண்ணைத் திறந்து, "கடிச்சுப் பாருட்டி" என்று என்னிடம் கொடுத்தார்.

கடித்தேன். அம்மாடி, மண்டைக்குள் இன்ஜினே ஓடியது. ஒவ்வொரு சிலிண்டரும் தனித்தனியாகத் தட்டுவது தெரிந்தது. நான் சிரித்த சிரிப்பைப் பார்த்து மாமாவும் சிரித்தார்.

"நாலு குழாய்னா கியரு எப்பப் போடணும்னு நெஞ்சு வரைக்கும் சொல்லுதுட்டி. அந்த மதுரச் சாமான் ஊம. ஒண்ணுஞ் சொல்ல மாட்டேங்கு" என்றார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்கே என் சந்தேகமெல்லாம் ஓடிப்போயிற்று. இந்த மாமாவையா சந்தேகப்பட்டோம் என்று எனக்கு அழுகையே வந்தது.

சாயங்காலம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் அப்பாவிடம் அறிக்கை வாசித்தேன். மஞ்சள் கார் இல்லை, பந்தயம் இல்லை, ராஜபாளையத்து ஆள் ஒருவரும் வரவில்லை. அப்பா இரண்டு வாய் சாப்பிட்டு யோசித்தார்.

"சரி, அப்ப நாலு குழாயே இருந்துட்டுப் போட்டும்" என்றார்.

அம்மாவின் முகம் மலர்ந்தது. எனக்கு இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றினாள். அத்தோடு நான் வாயை மூடியிருக்கலாம். மாமாவுக்கு இன்னும் கொஞ்சம் நல்ல பேர் வாங்கித் தரவேண்டும் என்று ஆசை. குழம்பில் கிடந்த முருங்கைக்காயைப் பல்லில் கடித்து, மறுமுனையைத் தட்டில் ஊன்றி, கண்ணை மூடி, மாமா இன்ஜின் கேட்ட விதத்தை நடித்துக் காட்டினேன். வாயிலிருந்து எடுத்துவிட்டு, அவர் சொன்னதையும் ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தேன்.

"வாய மூடிட்டுச் சாப்பிடுட்டி" என்று அம்மா சீறினாள். அவள் கை கரண்டியோடு அப்படியே நின்றது. அப்பா அம்மாவைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கை கழுவாமலே எழுந்து கார் நிற்கிற கொட்டகைக்குப் போனார்.

அங்கே நடந்ததை எனக்குக் கல்யாணமான பிறகுதான் அம்மா சொன்னாள். மாமா வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அப்பா அவர் முதுகுக்குப் பின்னால் நின்று "மாப்ள" என்று மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார். பிறகு பக்கத்தில் இருந்த செம்பைத் தூக்கிக் கல்லில் போட்டிருக்கிறார். மாமா துடைத்துக்கொண்டே இருந்தாராம். சண்டையில் பாதி போன காது, வருஷம் ஆக ஆக முழுதாகப் போய்விட்டிருந்தது. ஆள் வாயைப் பார்த்துப் பேச்சையும், பலகையின் நடுக்கத்தில் இன்ஜினையும் புரிந்துகொண்டு ஓட்டிவந்திருக்கிறார். அம்மாவுக்கு மட்டும் தெரியும். தெரிந்தால் வண்டியை விட்டு இறக்கிவிடுவார்கள் என்று இரண்டு பேரும் மூச்சு விடவில்லை.

"பின்னால வார வண்டி மணி கேக்காதவன்ட்ட எம் பிள்ளைகள எப்படி விட?" என்றாராம் அப்பா. அதைத் தப்பு என்று என்னால் இன்றைக்கும் சொல்ல முடியவில்லை. மாமாவுக்குப் பரிந்து பேசவும் முடியவில்லை, அப்பாவைக் குறை சொல்லவும் முடியவில்லை. என் வாயை மட்டும் திட்டிக்கொள்கிறேன்.

அந்த வயதில் எனக்கு இதில் ஒன்றுகூடச் சொல்லப்படவில்லை. மறுநாள் நாலு குழாயைக் கழற்றி மதுரைத் துண்டைப் போட்டார்கள். புது டிரைவர் வந்தார். மாமா வத்திராயிருப்புத் தோப்புக் காவலுக்குப் போகிறார் என்று மட்டும் தெரிந்தது. அப்பா சொன்ன பந்தயம் நிஜம்தான் போலிருக்கிறது, எப்படியோ வெளிப்பட்டுவிட்டது, அதை நான் சொன்னதாக மாமா நினைக்கிறார் என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டேன்.

மாமா வாசலில் மாட்டு வண்டியில் படுக்கையை வைத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய் அவர் பின்னால் நின்றேன்.

"மாமா, நான் பந்தயத்தப் பத்தி ஒண்ணுமே சொல்லல. உங்களப் பத்தி நல்லதாத்தான் சொன்னேன்."

அவர் திரும்பவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை அழுதுகொண்டே சொன்னேன். முடிச்சை இறுக்கிவிட்டு முன்பக்கமாகப் போய் ஏறி உட்கார்ந்தார். வண்டி நகர்ந்தது.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இவ்வளவு கெஞ்சுகிறேன், ஒரு தடவை திரும்பிப் பார்த்தால் என்ன குறைந்துவிடும்? இனி இவரோடு பேச்சே இல்லை என்று அங்கேயே நின்று முடிவு செய்தேன். கிறிஸ்துமஸுக்கு மாமா இளநீர்க் குலையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஒன்றைச் சீவி வைத்துக்கொண்டு, "ஏட்டி, இங்க வா" என்று கூப்பிட்டார். நான் காதில் விழாத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.