விழுந்தால் எங்கள் அடுப்படி மேல்

என் வீட்டுக்காரர் பெரிய வாயாடி. லிங்கி பக்கம் செம்பனை எண்ணெய் ஆலையில் வயரிங் வேலை பார்த்தவர். வேலை விட்டு வந்ததும் குளித்துச் சாப்பிட்டு, அமெச்சூர் வானொலிப் பெட்டி முன்னால் உட்கார்ந்து முகம் தெரியாத ஆட்களோடு ஊர்க்கதை பேசுவார். உரிமமெல்லாம் முறையாக எடுத்தவர்தான். "ஜப்பான்காரன்கிட்ட பேச நேரம் இருக்கு, எங்கிட்ட பேச இல்லயா?" என்று நான் எரிந்து விழுவேன். சிரிப்பார்.

பிறகு தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையை எடுத்துவிட்டு, மூச்சுவிடக் கழுத்தில் ஓர் ஓட்டை வைத்தார்கள். ஆள் மிஞ்சியதற்கு நான் இன்றும் கர்த்தருக்கு நன்றி சொல்கிறேன். கழுத்தில் வைத்துப் பேச ஒரு கருவி கொடுத்தார்கள். பசாரில் அதை வைத்து மீன் விலை கேட்டார். தகரத்தைச் சுரண்டுவது போல வந்த சத்தத்தைக் கேட்டுப் பக்கத்தில் நின்ற குழந்தை வீறிட்டு அழுதது. அன்று அலமாரிக்குள் போன கருவிதான், வெளியே வரவேயில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் வருவதில்லை; யாராவது வந்தால் பின்பக்கம் போய்விடுவார். அவ்வளவு பேசின மனுஷன் இப்படியே உள்ளுக்குள் வெந்து செத்துப்போவாரோ என்று நான் பயந்தேன். சத்தியமாகப் பயந்தேன்.

ஒரு காலை கைப்பேசியில் தட்டி என் மூக்குக்கு நேரே நீட்டினார். 'மோர்ஸ் அடிக்க வாய் வேண்டாம். கை போதும்.' இளவட்டத்தில் விளையாட்டாகப் படித்த பாஷை அது. குட்டைச் சத்தமும் நெட்டைச் சத்தமுமாக விரலாலேயே பேசிவிடலாம். ஆனால் எங்கள் வீடு பள்ளத்தில் இருக்கிறது. சுற்றிலும் தோட்டத்துச் செம்பனைகள் அதற்குள் ஓங்கி வளர்ந்துவிட்டன. ரம்புத்தான் மரத்தில் கட்டியிருந்த பழைய ஆண்டெனாக் கம்பி இப்போது எதற்கும் ஆகவில்லை. உயரமாகக் கோபுரம் வேண்டும் என்று தட்டினார்.

முதலில் அவர் ஆசைப்பட்டது மூன்று கால் வைத்த இரும்புக் கோபுரம். ஏறித்தான் மேலே ஆண்டெனாவைக் கட்ட வேண்டுமாம். எனக்கு வந்ததே கோபம்!

"கழுத்துல ஓட்டைய வெச்சிக்கிட்டு நீங்க மேல ஏறுவீங்க, நான் கீழ நின்னு வேடிக்கை பாக்கணுமா? ஆவாது லா!"

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் வேறு படம் காட்டினார். அடியில் கீல் வைத்த ஒற்றைக் கம்பம். கைப்பிடியைச் சுற்றினால் அப்படியே படுத்துக்கொள்ளும், தரையில் நின்றே வேலை செய்யலாம். சரி என்றேன்.

கம்பத்துக்கு இடம் குறித்துக் கொல்லை மூலையில் முளை அடித்த அன்றே பக்கத்து வீட்டுப் பெண் வேலிக்கு வந்தாள். பள்ளி வேன் ஓட்டுகிறவள். அவள் அம்மா எழுந்து நடக்க முடியாமல் படுக்கையில் இருக்கிறார். அந்த அறைச் சன்னல் எங்கள் கொல்லையைப் பார்த்தது.

"அக்கா, காத்து அடிச்சி இது எங்கம்மா ரூம் மேல சாஞ்சா யாருக்கா தூக்குவா? இடி வேற இழுக்குமாம்."

"எங்க நெலத்துல நாங்க வெக்கிறோம், ஒனக்கென்ன?" என்று ஆரம்பித்தேன். இவர் என் கையைப் பிடித்து அழுத்தினார். போய் என் துணி காயப்போடும் கயிற்றை அவிழ்த்து வந்தார், கேட்காமலே. கம்பத்தின் உயரத்துக்கு அளந்து, ஒரு நுனியை முளையில் கட்டி, மறு நுனியை வேலிக்கு மேலே அவளிடம் நீட்டினார். இழுத்துப் பார் என்று கைகாட்டினார். எங்கே நுனி போகிறதோ அது வரைக்கும் கம்பம் விழும். அவள் இழுத்தாள். நுனி அவள் அம்மாவின் சன்னலைத் தாண்டிப் போனது.

இவர் முளையைப் பிடுங்கினார். அந்த மூலைதான் அலைவரிசை பிடிக்க அருமையான இடம் என்று எனக்குத் தெரியும். தள்ளி நட்டார், கயிறு இன்னும் வேலியைத் தாண்டியது. மறுபடி பிடுங்கினார். தெருப்பக்கம் போனால் மின்கம்பியைத் தொடும். கடைசியில் அவள் வீட்டையும் தொடாமல், மின்கம்பியையும் தொடாமல் ஒரே ஓர் இடம்தான் மிஞ்சியது. கயிற்றைச் சுற்றி வந்து பார்த்தேன். நுனி நேராக என் அடுப்படிக் கூரை மேல்!

"அலாமாக்! நான் செத்தா பரவால்லயா ஒங்களுக்கு?"

கைப்பேசியில் தட்டினார். 'நான் கட்டுறது. விழுந்தா நம்ம மேலதான் விழணும்.'

வேன்காரப் பெண் வேலியைப் பிடித்துக்கொண்டு, "மழைக்கு மட்டும் எறக்கி வெச்சிருங்கண்ணே" என்றாள். தலையாட்டினார். இடி இறங்க நிலத்தில் செம்புக் கோலும் அடித்தார்.

கம்பம் நின்ற அன்று சாயங்காலம் சன்னலைத் திறந்து வைத்து விரலால் அடித்தார். டீ-டா-டீ என்று சத்தம் வேலியைத் தாண்டிப் போனது. யாரோ பதில் அடித்தார்கள். இவர் தோள் குலுங்கியது, சத்தமில்லாமல் சிரித்தார். அந்தப் பக்கம் இருப்பவனுக்கு இவர் தொண்டையைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதன்பின் தினமும் அரட்டைதான். வானம் உறுமினால் மட்டும், பாதிப் பேச்சிலும் விடைபெற்று எழுந்து போய்க் கைப்பிடியைச் சுற்றுவார். "முடிச்சிட்டுப் போங்களேன்!" என்று நானே கத்தியிருக்கிறேன். கேட்கமாட்டார். என்ன மனுஷன்!

போன மாதம் விடாத மழை. கம்பம் படுத்தே கிடந்தது. குடையோடு வேன்காரப் பெண் அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, அண்ணனுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லயா? நாலஞ்சு நாளா அண்ணன் பேசவே இல்லயேன்னு அம்மா கேட்டுக்கிட்டே இருக்காங்க."

இவர் எனக்குப் பின்னால் தேநீர்க் கோப்பையோடு நின்றிருந்தார். கோப்பையை மெல்லக் கீழே வைத்தார். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"மழை விடட்டும் லா," என்றேன். "பேசுவாரு."