நனையாத பூட்ஸ்

கறுப்பு பாலிஷின் நெடி மூக்கில் ஏறினால் எனக்கு இன்றும் கோபம்தான் வருகிறது. மற்றவர்களுக்கு அது பள்ளிக்கூடத்தின் முதல் நாளையோ கல்யாண வீட்டையோ ஞாபகப்படுத்தலாம். எனக்கு அது மேற்குத் தாம்பரத்து வாடகை வீட்டில், சனிக்கிழமை சாயங்காலங்களில், அம்மா தன் பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டு பழைய பனியன் துணியால் முகம் தெரியுமளவு தேய்த்த அந்தச் சில வருடங்களைத்தான் கொண்டுவருகிறது.

அம்மா ஒரு பள்ளிக்கூட ஆபீசில் டைப்பிஸ்ட். ஊர்க்காவல் படையில், எங்கள் தெருவில் சொன்னபடி "ஹோம்கார்டில்", யாரும் கூப்பிடாமல் தானே போய்ப் பெயர் கொடுத்தவள். ஞாயிறு காலையில் தெருவே வெள்ளைத் துணியும் பைபிளுமாகக் கோயிலுக்குப் போகும்போது, அவள் காக்கிப் புடவையும் பூட்ஸுமாகப் பரேடுக்குப் போவாள். "ஆராதனைய உட்டுட்டு லெஃப்ட் ரைட் போடப் போறா பாரு" என்று கோயில் பெண்கள் அவள் காதில் விழும்படியே சொல்வார்கள். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவள் "டூப்ளிகேட் போலீஸ்". துப்பாக்கியும் கிடையாது, அதிகாரமும் கிடையாது. திருவிழாவில் கயிறு பிடிக்கவும் மந்திரி வரும் வழியில் வெயிலில் காயவும்தான் கூப்பிடுவார்கள். இதெல்லாம் அவளுக்கு உறைத்ததே இல்லை. "நம்ம ஊர நாமதான பாத்துக்கணும்" என்பாள், அவ்வளவுதான்.

நான் ஏழாவது படித்த வருடம் மழை விடாமல் கொட்டி, முடிச்சூர்ப் பக்கத்து ஏரி நிறைந்து, தண்ணீர் ரோட்டைக் குறுக்கே அறுத்துக்கொண்டு ஓடியது. எங்களையெல்லாம் மேட்டிலிருந்த ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் ஏற்றிவிட்டார்கள். கரண்ட் கம்பத்துக்கும் புளியமரத்துக்கும் கயிறு கட்டி, அந்தப் பக்கத்துக் குடிசைகளிலிருந்து ஆட்களைக் கொண்டுவர அம்மாவும் இன்னும் இரண்டு பேரும் நின்றார்கள். தண்ணீரில் இறங்குமுன் அம்மா வராந்தாவில் உட்கார்ந்து, பூட்ஸைக் கழற்றி, லேஸ் இரண்டையும் முடிச்சுப் போட்டு ஜன்னல் கம்பியில் மாட்டினாள். ஏன் கழற்றுகிறாய் என்று கேட்டேன்.

"கவர்மென்ட் பூட்ஸ்டி. நனஞ்சு வாயப் பொளந்துச்சுன்னா கேப்பாங்க."

அன்று பகல் முழுவதும் வெறுங்காலோடு குழந்தைகளை இடுப்பிலும் கிழவிகளை முதுகிலுமாகச் சுமந்து கரையேற்றினாள். தண்ணீருக்கடியில் கிடந்த ஏதோ கூரைத் தகரம் இடது காலைக் கிழித்ததை அவள் சாயங்காலம் வரை சொல்லவில்லை. காயம் சீழ் பிடித்து, பத்து நாளில் ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். ஜன்னலில் தொங்கிய பூட்ஸில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை.

மூன்று மாதம் கழித்து, இடது பூட்ஸின் முனையில் துணியைத் திணித்துக்கொண்டு மறுபடி பரேடுக்குப் போனாள். புதிதாக வந்திருந்த அதிகாரி நொண்டலைப் பார்த்தார். அடுத்த வாரமே சீட்டு வந்தது: உடல்தகுதி இல்லை, உடுப்பு, பெல்ட், பூட்ஸ் அனைத்தையும் ஒப்படைக்கவும். "மூஞ்சில விட்டெறிஞ்சிட்டு வா" என்றார் அப்பா. அம்மாவோ கடைசியாக ஒருமுறை பாலிஷ் போட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பூட்ஸைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்த்து, "பூட்ஸ் ஒரு ஜோடி, நல்ல நிலை" என்று எழுதினார். "பரவால்லம்மா, புதுசு மாதிரி வெச்சிருக்கீங்க" என்றார். அவள் காலை அவர் பார்க்கவே இல்லை. அதைவிட எனக்குப் பொறுக்காதது, அந்தப் பாராட்டுக்கு அம்மா முகம் மலர்ந்து சிரித்ததுதான்.

வளர்ந்து வேலைக்குப் போன பிறகு படித்தேன். ஹோம்கார்டு என்ற பெயரே பிரிட்டனிலிருந்து வந்ததாம். இரண்டாம் உலக யுத்தத்தில் ஜெர்மன்காரன் எந்த நேரமும் கடல் தாண்டி வந்துவிடுவான் என்ற பயத்தில், அங்கே குமாஸ்தாக்களும் கடைக்காரர்களும் படைக்கு வயது கடந்த கிழவர்களும் தாமாகப் பெயர் கொடுத்து, துப்பாக்கி போதாமல் துடைப்பக் கட்டையைத் தோளில் வைத்துப் பயிற்சி எடுத்தார்கள். அவர்களைப் பார்த்தும் ஊர் சிரித்திருக்கிறது. ஆனால் படையைக் கலைத்தபோது, உடுப்பையும் பூட்ஸையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அந்த அரசாங்கம் சொல்லிவிட்டது. பெயரை வாங்கினோம், லெஃப்ட் ரைட்டை வாங்கினோம், விறைப்பான சல்யூட்டை வாங்கினோம்; இந்த ஒன்றை மட்டும் வாங்காமல் விட நமக்கு எப்படி மனசு வந்தது?

அந்த ஏரியில் பாதி இப்போது மனைப்பிரிவு. புளியமரம் இல்லை, அம்மாவும் இல்லை. போன மழையில் ஜிஎஸ்டி ரோட்டு சிக்னலில் முழங்கால் தண்ணீரில் நின்று ஒரு ஹோம்கார்டு பெண் பஸ்களை ஒதுக்கிக்கொண்டிருந்தாள், இருபத்தைந்து வயதிருக்கும். அவளுடைய ஷூ இரண்டும் பிளாஸ்டிக் பையில் கட்டி, தடுப்புக் கம்பியில் தொங்கின.

"ஷூவ போட்டுக்கம்மா, கீழ இன்னா கெடக்குதோ" என்றேன்.

"ஐய, நனஞ்சா என்னத்தான்க்கா கேப்பாங்க" என்று சொல்லிவிட்டு, விசிலை ஊதிக்கொண்டு அடுத்த பஸ்ஸை நோக்கித் தண்ணீருக்குள் நடந்தாள்.