ஊற்றுத் தண்ணீரும் கடல் மீன் தொட்டியும்

எண்பதுகளில் என் மருமகன் கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூட லேப்பில் வேலை பார்த்தார். வீட்டுத் தொட்டியில் கடல் தண்ணீர் விட்டு, உயிருள்ள பவளமும் மீனும் வளர்த்தார். தண்ணீர் ராமேஸ்வரம் பக்கமிருந்து லாரியில் கேன் கேனாக வரும். அந்த டிரைவர் எனக்கு நெத்திலிக் கருவாடும் கொண்டு வருவார்.

ஒரு மழையில் மண் சரிந்து மலைப்பாதை அடைபட்டது. லாரி வரவில்லை. பவளம் சுருங்கியது. மருமகன் தொட்டித் தண்ணீரைச் சோதனைக் குழாயில் எடுத்து மருந்து விட்டார். பவளத்துக்கு ஆகாத நைட்ரேட் ஏறினால் சிவக்குமாம், சிவந்தது. ஹீட்டர் சூட்டில் வற்றிய அளவுக்கு, வீட்டுக்கு எடுக்கும் ஊற்றுத் தண்ணீரை விட்டோம். விட விடச் சிவப்பு ஏறியது. விடாவிட்டால் உப்பு ஏறும்.

"கீழயும் போக முடியல, இனி என்னங்க மாமா செய்ய?" என்று உட்கார்ந்துவிட்டார்.

கைக்குழந்தைக்குப் பால்பவுடர் கலக்க வந்த என் மகள், "மீனப் பத்தி இருக்குற கவல எங்களப் பத்தி இல்ல. மேல தோட்டத்துல உருளக்கெழங்குக்கு உரம் போட்டதுலருந்து ஊத்துத் தண்ணியே நாறிக் கெடக்கு" என்றாள்.

மருமகன் அவள் சொம்பிலிருந்த தண்ணீரில் மருந்தை விட்டார். தொட்டியைவிடச் சிவப்பு.

"பிள்ளைக்குக் குடுக்காத! உரத்து நைட்ரேட் கைக்கொழந்தைக்கு ஆகாது, காய்ச்சுனாலும் இது போகாது!"

அன்றிலிருந்து தொட்டிக்கும் பேத்திக்கும் கூரையில் பிடித்த மழைத்தண்ணீர்தான். பாதை திறப்பதற்குள் பவளம் பாதி செத்தது. பேத்திக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போதும் மேலே உரம் போட்டால், சோதிக்காமல் ஊற்றுத் தண்ணீரை வீட்டுக்குள் எடுப்பதில்லை.