கௌபாய் அண்ணையின் வாய், அப்பாவின் குரல்

இதை எழுதாமல் விட்டுவிடத்தான் பார்த்தேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியை ஐந்தாம் வகுப்போடு விட்டு ஓடியவன் நான். பிறகு அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியையும் பாதியில் விட்டேன். எதையும் முடிக்காதவன் இதை மட்டும் எதற்கு முடிக்க வேண்டும்? ஆனால் போன கோடையிலிருந்து ஒரு குரல் முகமில்லாமல் என்னோடு அலைகிறது. அதை எங்காவது இறக்கி வைக்க வேண்டும்.

குரல் என் அப்பாவுடையது. எனக்கு இரண்டு வயதாக இருக்கும்போது நெஞ்சு வலி வந்து போய்விட்டார். வீட்டில் அவருடைய படம் ஒன்று இருக்கிறது. வாயை இறுக்கி மூடிக்கொண்டு பாஸ்போர்ட்டுக்கு எடுத்தது. குரல் மட்டும் இன்னொருவர் வாயிலிருந்து வரும்.

அந்த இன்னொருவர் கௌபாய் அண்ணை. ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் வுப்பர்டால் நகரில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் அண்ணைதான். அகதியாக வந்த புதிதில் நண்பர்கள் சேர்ந்து எடுத்த மூன்று வீடியோப் படங்களில் அவர்தான் பாடும் கௌபாய். ஜெர்மன்காரரின் வெஸ்டர்ன் கிளப் ஒன்று காட்டோரம் மரப்பலகையால் ஓர் ஊர் கட்டி வைத்திருந்தது. அங்கேதான், அவர்களுடைய குதிரையையே இரவல் வாங்கிப் படப்பிடிப்பு. கொள்ளைக்காரர்கள் எல்லோரும் முகத்தில் துணி கட்டியிருப்பார்கள். ஸ்டைலுக்கு இல்லை, நகரத்தை விட்டு வெளியே போக அனுமதி இல்லாத அகதிகள் அவர்கள். அண்ணை அவர்களைச் சுட்டுவிட்டு, குதிரையில் சாய்ந்து பாடுவார். பாடியது அப்பா. அண்ணைக்கு வாயசைப்பு மட்டும்.

அந்தக் கசெட்டுகள் தமிழ்க் கடைகளில் மீன் பெட்டிக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருந்தன. பாரிசிலும் பார்த்தார்களாம். நாலாவது படத்துக்குத் தொப்பிகூட வாங்கியாயிற்று, அப்பா போய்விட்டார். வேறு ஒருவரைப் பாட வைத்துப் பார்த்தபோது எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அத்தோடு அண்ணையின் நட்சத்திர வாழ்க்கையும் சரி. பிறகு முழுக்க பேக்கரித் தொழிற்சாலைதான்.

அம்மா அந்தக் கசெட்டைப் போட்டுத்தான் எனக்குச் சோறு தீத்தினார். ஆகவே அப்பா என்று நினைத்தால் தொப்பியும் மீசையுமாக அண்ணையின் முகம்தான் வரும். அண்ணையைக் காணும் இடமெல்லாம் சண்டைக்குப் போவேன்.

"அண்ணை, எங்கட அப்பான்ர தொண்டையைத் திருப்பித் தாங்கோ."

"தொண்டை உன்ர அப்பன்ர, தொப்பி என்ர. ரெண்டும் சேர்ந்தாத்தான்டா ஸ்டார்."

போன வருடம் வெஸ்டர்ன் கிளப் அவரைத் தேடிப் பிடித்தது. கோடை விழாவில் தங்கள் தமிழ்க் கௌபாய் பாட வேண்டுமாம். நம் ஆட்களுக்கு நடிக்க ஒருவர், பாட ஒருவர் என்பது சோறும் கறியும் மாதிரி. ஜெர்மன்காரருக்கு அந்த வழக்கமே தெரியாது. இவரும் இத்தனை வருடமாகச் சொல்லவில்லை.

தமிழ்க் கடை வாசலில் அண்ணை என்னைப் பிடித்தார்.

"தம்பி, நான் ஓமெண்டு சொல்லிப்போட்டன். நீ பின்னாலை நிண்டு பாட்டைப் போடு. நான் வாயசைக்கிறன்."

"பிடிபட்டால்?"

"குதிரையிலை ஏறி ஓடுவம்."

கசெட்டில் குளம்புச் சத்தமும் துப்பாக்கியும் பாட்டோடு கலந்து கிடந்தன. ஆஹென் நகரில் படிக்கும் என் நண்பன், மதுரைக்காரன், கம்ப்யூட்டரில் குரலைத் தனியே பிரித்துத் தந்தான். "வாய்ஸ் செம கிளீனா வந்துருச்சுடா. ஹெட்போன் போட்டுக் கேளு," என்றான்.

பஸ்ஸில் கேட்டேன். ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் அப்பா மூச்சு இழுத்தார். பின் சீட்டில் யாரோ இருந்து என் காதுக்குள் மூச்சு விடுவதுபோல இருந்தது. திரும்பிப் பார்த்தேன். வெறும் சீட். கண்ணை மூடினால் அப்போதும் அண்ணையின் மீசைதான் அசைந்தது. ஒரே ஒரு தடவை, அந்த வாய் இல்லாமல் இந்தக் குரலைக் கேட்க வேண்டும் என்று வெறி வந்தது.

விழாவில் பாட்டை நடுவில் நிறுத்தி அண்ணையை முழிக்க வைப்பதுதான் என் திட்டம். குரல் அவருடையது இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டால், அந்த வாய் குரலை விட்டுவிடும் என்று நினைத்தேன். பலகைச் சுவருக்குப் பின்னால் லாப்டாப்போடு நின்றேன். மேடையில் அண்ணை, அறுபது தாண்டிய வயிறு, அதே தொப்பி. முதல் வரிக்கு அப்பா மூச்சு இழுத்தார். அதே கணத்தில் அண்ணையின் தோளும் உயர்ந்தது. அடுத்த வரிக்கும் அப்படியே. படத்தில் அந்த மூச்சு கேட்காது. குளம்புச் சத்தம் மூடிவிடும். அப்பா பாடும்போது பக்கத்தில் நின்றவருக்குத்தான் அது தெரியும். நிறுத்தும் பொத்தானிலிருந்து விரலை எடுத்தேன்.

இரண்டாம் சரணத்தில் அண்ணை வாயை மூடினார். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தார். குரல் பாடிக்கொண்டே இருந்தது. பியர் கோப்பைகளோடு இருந்த சனம் ஒருவரையொருவர் பார்த்தது. பாட்டு முடிந்ததும் ஒலிபெருக்கியைக் காட்டி, பாடியது அவன், என் சிநேகிதன், செத்துப்போனான் என்று ஜெர்மனில் சொன்னார். ஒருவரும் கைதட்டவில்லை. குதிரை மட்டும் தும்மியது.

காரில் கேட்டேன். "ஏனண்ணை நிப்பாட்டினீங்கள்?"

"அவன்ர மூச்சுக் கேட்டுதடா. பக்கத்திலை நிக்கிறமாதிரி. அதுக்குப் பிறகு ஏலாமப் போச்சு."

"குதிரை ரெடியாத்தானே நிண்டது, ஓடியிருக்கலாம்."

"இந்த வயித்தோடை அது ஓடாது," என்றார்.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் அன்றிலிருந்து அண்ணையின் முகம் வருவதில்லை; வேறு முகமும் வருவதில்லை. சமையலறையில் நிற்கும்போது மூச்சு இழுக்கும் சத்தம் வரும், பிறகு குரல் வரும், ஆள் இல்லை. பாஸ்போர்ட் படத்தைப் பொருத்திப் பார்த்தேன். அந்த வாய் திறக்கவே மாட்டேன் என்கிறது.

நண்பனுக்கு எழுதினேன்: "குரலைப் பிரிச்சுத் தந்திட்டாய். இப்ப அது முகமில்லாமல் அலையுது. ஆரின்ர முகத்தை வைக்கிறது?"

பதில் வந்தது: "போன்ல செல்ஃபி கேமராவ ஆன் பண்ணிட்டு, நீயே வாயசைச்சுப் பாருடா."