இரண்டு பேர் பிடித்த இழைப்புளி

போன வாரம் ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டு அடுக்களையில் அலமாரி மாட்ட ஆட்கள் வந்தார்கள். எல்லாம் கடையிலேயே அறுத்து, ஓரம் ஒட்டிக் கொண்டுவந்த பலகைகள். மத்தியானத்துக்குள் முடித்துவிட்டுப் போய்விட்டார்கள். பெருக்கிக் கூட்டியபோது முறத்தில் சேர்ந்தது வெறும் வெள்ளை மாவு, பசை வாடையோடு. பலா மரத்தை இழைக்கும்போது வருகிற மணம் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. பழம் அறுத்த வீட்டில் மறுநாள் காலையில் லேசாக நிற்குமே, அதோடு கொஞ்சம் மஞ்சளைக் கலந்தது மாதிரி இருக்கும். அந்த மணத்துக்குள்தான் என் இருபதுகளில் பாதி கழிந்தது.

இதே மலையாள ஊரில், கிழக்கேகோட்டையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் அப்போது ஒரு மரப்பட்டறை இருந்தது. அதன் ஆபீஸில் எனக்கு வேலை. ஆபீஸ் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். தகரத் தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒரு மேஜை, ஒரு போன், நான். அப்பாவுக்கு இதில் துளிகூட இஷ்டமில்லை. "காலேஜ் படிச்சவ மரத்தூள்ல உக்காந்துண்டு என்ன பண்ணப் போறா?" என்று அம்மாவிடம் கேட்பார். உண்மையில் நான் ஒன்றும் பெரிதாகப் பண்ணவில்லை. போனை எடுப்பேன், அளவு குறிப்பேன். மிச்ச நேரமெல்லாம் தடுப்புக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்தப் பக்கம்தான் செல்லையா அண்ணாச்சி இருந்தார். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தவர். நான் அங்கே சேருவதற்கு முன்பே பஸ் படியிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டிருந்தார். எலும்பு கூடிவிட்டது, ஆனால் வளைந்து கூடிவிட்டது. விரல்கள் முழுதாக மடங்காது. உளியையோ இழைப்புளியையோ அந்தக் கையால் இறுக்கிப் பிடிக்க முடியாது. முதலாளி சுகு சேட்டன் நல்ல மனிதர், அவரை அனுப்பிவிடவில்லை. உப்புத்தாள் தேய்க்க உட்கார்த்தினார். மற்றவர்கள் செய்த நாற்காலிகளை அண்ணாச்சி நாள் முழுக்கத் தேய்த்துக்கொண்டிருப்பார். சாப்பிடும்போதுகூடப் பேசமாட்டார்.

அப்போதுதான் ஆனயறையிலிருந்து ஓர் அம்மா வந்தார். அவர்கள் வீட்டுப் பலா காற்றில் விழுந்துவிட்டது. அறுத்த பலகைகள் கையில் இருந்தன. மக்கள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட ஒரே மேஜை வேண்டும் என்றார். இரண்டு நெட்டைப் பலகைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து ஒட்டவேண்டும். எங்கள் பட்டறையில் விளிம்பு இழைக்கிற மெஷினின் மேடை குட்டை. வெளியே மில்லில் கேட்டால் பலகையைப் பாதியாக வெட்டிக் கொண்டுவரச் சொன்னார்கள். அந்த அம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டார். "அச்சன் நட்ட மரமாணு. முறிக்கான் பாடில்ல." அப்பா நட்ட மரத்தைத் துண்டாக்கக் கூடாது, அவ்வளவுதான்.

சுகு சேட்டன் வேலையைத் திருப்பி அனுப்ப இருந்தார். குட்டை இழைப்புளியால் நீள விளிம்பை இழைத்தால் அது மேட்டில் ஏறி, பள்ளத்தில் இறங்கி, அலையாகவே விட்டுவிடும். நெட்டையானதுதான் பள்ளத்தைத் தொடாமல் மேட்டை மட்டும் சீவிக்கொண்டே போய் நேராக்கும். அவ்வளவு நெட்டையானது எங்களிடம் இல்லை. அப்போது மூலையிலிருந்து அண்ணாச்சி எழுந்து வந்து, இழைப்புளியைத் தானே செய்துவிடுவதாகவும், மேஜையையும் தானே சேர்த்துத் தருவதாகவும் சொன்னார். எல்லாரும் அவர் கையைப் பார்த்தார்கள்.

"செல்லையா, மரம் கேடாயிப்போனா நான் அந்த அம்மைக்கு என்ன பதில் சொல்லும்?"

"கைதான் வளைஞ்சிருக்கு மொதலாளி. கண்ணு நேராத்தான் இருக்கு."

(அந்தச் சாமானை மலையாளிகள் சிந்தேர் என்பார்கள், தமிழர்கள் இழைப்புளி என்பார்கள். நான் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லி இரு தரப்பிடமும் சிரிப்பு வாங்கியிருக்கிறேன்.)

பின்கட்டில் ஒரு புளிய மரக்கட்டை கிடந்தது. யாரோ எப்போதோ போட்டது. வைரம் பாய்ந்து கறுத்து, தட்டினால் இரும்பு மாதிரி சத்தம் கொடுக்கும். அண்ணாச்சி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, வைரம் அடிப்பக்கம் வருகிற மாதிரி கோடு போட்டார். அறுத்துச் சதுரமாக்கியபோது என் இடுப்புக்கு மேல் வந்தது நீளம். இனித்தான் கஷ்டம். தகடு நிற்கிற சரிவுப் பொந்தை மேலிருந்தும் அடியிலிருந்தும் குடைந்து, நடுவில் சரியாகச் சந்திக்க வைக்கவேண்டும். பிசகினால் கட்டையே வீண். இடது கையால் உளியைப் பிடித்துவிடுவார், ஆனால் அடிக்கக் கை இல்லை.

மறுநாள் அவர் மனைவி பேச்சியம்மாள் வந்தார். மணக்காட்டுப் பக்கம் ஒரு கட்டடத்தில் மைக்காடு வேலை, அதாவது கலவை சுமக்கிற சித்தாள் வேலை. அதற்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். அண்ணாச்சி உளியை வைத்துச் சரிவைப் பார்த்துக்கொள்வார். அக்கா மரச்சுத்தியலால் அடிப்பார். முதலில் மற்ற தச்சர்கள் கிண்டல் செய்தார்கள். அக்கா யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. கலவைச் சட்டி சுமந்த தோள். ஓர் அடிக்கும் இன்னோர் அடிக்கும் கனம் மாறாது. இரண்டு பொந்தும் சந்தித்து உள்ளே வெளிச்சம் தெரிந்தபோது கிண்டல் நின்றுவிட்டது. ஒருவர் டீ வாங்கிவந்து அக்காவுக்கு முதலில் கொடுத்தார்.

தகட்டை ஒரு பழைய லாரி வில்பட்டையிலிருந்து கரமனையில் ஒரு கொல்லர் அடித்துக் கொடுத்தார். தகட்டை இறுக்க ஓர் ஆப்பு. முன்பக்கம் அக்கா பிடித்து இழுப்பதற்குக் குறுக்கே ஒரு கட்டை. பின்பக்கப் பிடியைப் பற்றித்தான் நான் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். சாதாரணப் பிடியை அவரால் பற்ற முடியாது. அக்கா வீட்டிலிருந்து சப்பாத்தி மாவு பிசைந்து கொண்டுவந்து, உருண்டையாக அவர் முன்னால் வைத்தார். அண்ணாச்சி வளைந்த கையை அதில் அழுத்தினார். அந்தப் பள்ளத்தைப் பார்த்துப் பார்த்து ஒரு பிடி செதுக்கினார்கள். பார்க்க விகாரமாக, இஞ்சித் துண்டு மாதிரி இருந்தது. அவர் உள்ளங்கை அதில் போய் உட்கார்ந்ததும், அந்தக் கைக்கு ஒன்றுமே ஆகவில்லை என்று தோன்றியது.

முதல் ஓட்டம் தோல்வி. தகடு மரத்தில் கடித்து நின்றுவிட்டது. மறுபடி ஓட்டினால் அதிர்ந்தது. அவர் தள்ளுவதற்குள் அக்கா இழுத்துவிடுகிறார், அல்லது பிந்திவிடுகிறார். ஆப்பை மாற்றினார், தகட்டைத் தீட்டினார், அடிப்பக்கத்துக்குத் தேங்காயெண்ணெய் தேய்த்தார். ஒன்றும் சரிவரவில்லை. சுகு சேட்டன் வாசலில் போய் நின்றுகொண்டார். அண்ணாச்சி அக்காமேல் எரிந்து விழுந்தார். அக்கா கட்டையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"நீங்க மனசுக்குள்ள நெனைக்கது எனக்கு எப்படித் தெரியும்? வாயத் தொறந்து சொல்லுங்க. அந்தக் கை ஒடிஞ்சதுலேருந்து ஒரு வார்த்தை பேசுதீங்களா?"

நான் மணி அடிக்காத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன். அண்ணாச்சி இழைப்புளியைத் தூக்கிப் பலகையின் நுனியில் திரும்ப வைத்தார். பிறகு பிடியில் கையை வைத்து, "ம்" என்றார். அக்கா இழுத்தார். திரும்பக் கொண்டுவந்து வைத்து, மறுபடி "ம்". நாலைந்து தடவை தட்டுத் தடுமாறிற்று. அதற்கப்புறம் ஒரு நீண்ட சத்தம், பட்டுப் புடவையைக் கிழித்த மாதிரி. மஞ்சள் நாடா மாதிரி ஒரு சீவல் பலகையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அறுபடாமல் வந்தது. அன்று சாயங்காலம்வரை அந்த "ம்" கேட்டுக்கொண்டேயிருந்தது. நடுநடுவே வார்த்தைகளும் வர ஆரம்பித்தன. என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. அக்கா ஒருமுறை சிரித்தது மட்டும் கேட்டது.

இரண்டு பலகைகளையும் சேர்த்து வெயிலுக்கு எதிரே நிறுத்தினார்கள். சுகு சேட்டன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை குனிந்து பார்த்துக்கொண்டே போனார். எங்கும் வெளிச்சம் ஊடுருவவில்லை. மேஜை முடிந்ததும் ஆனயறை அம்மா வந்து நகத்தால் நடுவில் தடவிப் பார்த்தார். சேர்ந்த இடம் எது என்று அவருக்குத் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்கப்புறம் பேச்சியம்மாள் அக்கா கலவை சுமக்கப் போகவில்லை. நீள வேலை எது வந்தாலும் அந்த இருவருக்குத்தான். உப்புத்தாள் மூலையில் வேறு யாரோ உட்கார்ந்தார்கள்.

பட்டறை இருந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள். சுகு சேட்டன் போய்ச் சேர்ந்துவிட்டார். அண்ணாச்சியும் அக்காவும் ஊருக்குத் திரும்பியபோது இழைப்புளியைச் சாக்கில் சுற்றிக் கையோடு எடுத்துப் போனார்கள். அண்ணாச்சி தவறிப்போனதை நான் தாமதமாகத்தான் கேள்விப்பட்டேன். அலமாரி மாட்டிப் போன அன்று அக்காவுக்குப் போன் செய்தேன். என் குரலைக் கேட்டதும், "பாப்பா, இன்னும் அந்த ஆபீஸ்லதான் இருக்கியா?" என்று கேட்டுச் சிரித்தார். சுற்றி வளைத்து இழைப்புளியைப் பற்றிக் கேட்டேன்.

"வீட்லதான் இருக்கு பாப்பா. நேத்துக்கூட எண்ணெ தடவி வச்சேன். இழுக்கதுக்கு நான் இருக்கேன். தள்ளுததுக்குத்தான் ஆளு இல்ல."

அங்கே மழை உண்டா என்று கேட்டேன். ரெண்டு நாளாக நல்ல மழை என்றார்.