கேன் தண்ணியில் ஓடிய பிரேக்

"…ரெண்டு மிதி மிதிச்சா மூணாவது மிதிக்கு நிக்கத்தானே செய்யுது மச்சான்? அதைப் போயி பிரேக்கே இல்லங்கீகளே!"

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இப்படிக் கேட்டவர் என் தங்கை மாப்பிள்ளை. இடம், ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் வீட்டு வாசல். கார் இருபது வருசத்துப் பழசு. தினமும் காலையில் தங்கையையும் ரெண்டு பிள்ளைகளையும் ராஜபாளையத்துக்கு அதில்தான் கொண்டுபோய் விடுகிறார். பிள்ளைகளுக்கு அங்கே பள்ளிக்கூடம், தங்கைக்கு மில் ஆபீசில் வேலை. ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு சாப்பிட வந்த என்னை பஸ் ஸ்டாண்டில் ஏற்றிக்கொண்டு வந்தார். வீடு வந்து சேர்வதற்குள் மூணு இடத்தில் எனக்கு உயிர் போய் வந்தது.

நான் மெக்கானிக் இல்லை. சொந்த வண்டியைப் பிரித்துக் கெடுத்து, கெடுத்ததைச் சரிபண்ணியே பழகினவன். பெடலை மிதித்தேன். அடிவரை இறங்கியது. திரும்பத் திரும்ப மிதித்தால் கொஞ்சம் மேலே வந்தது. பிரேக் ஆயில் எங்கேயோ ஒழுகுகிறது. அப்படியானால் ஸ்டியரிங்குக்கு முன்னால் எச்சரிக்கைச் சிவப்பு லைட் எரிய வேண்டுமே? அது இருக்க வேண்டிய இடத்தில் ஒத்த ரூபாய் அகலத்துக்குச் சந்தனம், நடுவில் குங்குமம். வெள்ளிக்கிழமைதோறும் வைத்தது, ஒன்றின்மேல் ஒன்றாகக் காய்ந்து தடித்திருந்தது. நகத்தால் சுரண்டினேன். அடியில் லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது.

"மொகத்துக்கு நேரா எந்நேரமும் எரிஞ்சா நல்லாவா இருக்கு மச்சான்?"

பானெட்டைத் திறந்தேன். பிரேக் ஆயில் டப்பாவில் தேத்தண்ணி நிறத்தில் ஏதோ கிடந்தது.

"இதுல என்ன ஊத்துனீக மாப்ள?"

"தண்ணிதான். கேன் தண்ணி மச்சான், குழாய்த் தண்ணி இல்ல! ஊத்துனா லைட் அணையும், நாலு நாள்ல திரும்ப எரியும். வண்டிக்குச் சுகர் வந்திருச்சு, எம்புட்டு ஊத்துனாலும் கேக்குது. பொறவுதான் பொட்டு வச்சேன்."

வேற நாளாயிருந்தால் அந்தச் சுகரை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருப்பேன். அவர் பேச்சைக் கேட்கவே அந்த வீட்டுக்குப் போகிறவன் நான். போன மாசம் செண்பகத்தோப்பிலிருந்து வரும்போது மாடு குறுக்கே வந்த கதையை, "மாடுதான் மச்சான் பிரேக் போட்டுச்சு" என்று சொன்னார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அன்றைக்கும் பின்சீட்டில் பிள்ளைகள் இருந்திருக்கிறார்கள். அதை நினைத்தபோது அவர் மேல் வந்த அருவருப்பு என் மேலும் வந்தது.

"ஏண்ணே, சோறு ஆறுது. நீ வந்தாத்தான் எங்க கார் கெட்டுப்போகுது," என்றாள் தங்கை உள்ளேயிருந்து.

"நாளைக்கு இதுல ஏறுனியன்னா இனிமே உன் வீட்டுல கை நனைக்க மாட்டேன்," என்றேன். எட்டிப் பார்த்தவள் சோற்றை மூடி வைக்கப் போனாள்.

பின்சக்கரத்தைக் கழற்றி, துருப்பிடித்த பிரேக் டிரம்மைத் தட்டித் தட்டி எடுத்தேன். சீ! பூனை கக்கினது மாதிரி உள்ளே ஒரு கொழகொழப்பு. பிரேக் தூளும் ஒழுகின ஆயிலும் தண்ணியும் குழைந்து, தேய்ந்த பிரேக் கட்டைமேல் அப்பியிருந்தது. ஆயிலை ஒழுகாமல் அடைத்து நிற்கும் சிலிண்டர் ரப்பர் கிழிந்து, உள்ளே துரு மணல் மணலாக உதிர்ந்தது. அடுத்த சக்கரத்திலும் அதே கண்ணராவி. மூணு தடவை சோப்புப் போட்டும் விரலில் அந்த நாற்றம் போகவில்லை. கறிக்குழம்பைத் தொடாமல் ரசத்தோடு முடித்துக்கொண்டேன்.

ரெண்டு நாள் அவர்கள் பஸ்ஸில் போனார்கள். செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு, ராஜபாளையத்தில் சிலிண்டரும் கட்டையும் ஆயிலும் வாங்கிக்கொண்டு போனேன். எல்லாம் மாட்டி முடித்து, குழாயில் கிடந்த பழசை வெளியேற்ற, பெடலில் மாப்பிள்ளையையே உட்கார வைத்தேன். "மிதிங்க… பிடிங்க… விடுங்க." சக்கரத்தில் சொருகிய டியூப் வழியாக, அவர் ஊற்றின கேன் தண்ணி சாக்கடை மாதிரி பாட்டிலில் இறங்கியது. தெளிந்த ஆயில் வரும்வரை விடவில்லை. பாட்டிலை அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தெருக்கோடி வரை ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். பழைய நினைப்பில் ஓங்கி மிதித்தவர், முதல் மிதிக்கே கார் நின்றதில் ஸ்டியரிங்கில் நெஞ்சு இடிக்கக் குனிந்தார். திரும்பி வந்து வாசலில் நிறுத்தினார். சிவப்பு லைட் அணைந்திருந்தது.

"நாளைக்குப் பிள்ளைகளை ஏத்தலாம்," என்றேன்.

தங்கை சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். மாப்பிள்ளை விரலில் தொட்டு, வழக்கம்போல அந்த லைட்டுப் பக்கம் கொண்டுபோனார். நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். விரல் அங்கேயே நின்றது. பிறகு செருப்பைக் கழற்றி வெளியே போட்டுவிட்டு, குனிந்து, பிரேக் பெடலுக்குப் பொட்டு வைத்தார்.